எந்தக் குழந்தையின் சளி நெஞ்சுக்கு இறங்கும்?

மழை பிடித்துவிட்டால் ஒரு தெருவில் இருக்கும் குழந்தைகள் அத்தனை பேருக்கும் மூக்கு ஒழுகும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் தேறி விளையாடப் போய்விடும். ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு மட்டும் அதே சளி இரண்டு நாளில் மூச்சிரைப்பாகி, ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. அந்த ஒன்றிரண்டு பேர் யார் என்பதை இருமல் வரும் முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும். எத்தனை மாதக் குழந்தை, பிறந்தபோது எவ்வளவு எடை, இப்போது எவ்வளவு, என்ன பால் குடிக்கிறது, எந்த ஊசி விட்டுப்போயிருக்கிறது, இதயத்தில் குறை உண்டா: பெரும்பகுதி விடை இவற்றில் இருக்கிறது. குழந்தை எவ்வளவு இருமுகிறது என்று கேட்கும் முன் இருமுவது எந்தக் குழந்தை என்று கேட்க வேண்டும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் வயது. சளி நெஞ்சுக்கு இறங்கி நுரையீரலைத் தாக்குவதுதான் நிமோனியா. அதனால் இறக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டாதவர்கள். முதல் ஆறு மாதம் மிகவும் ஆபத்தானது. காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம்தான். அதன் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். காற்று போகும் பரப்பு கால்வாசியாகச் சுருங்கி, காற்றை இழுக்க வேண்டிய சிரமம் பதினாறு மடங்காகிறது. பெரியவர்களுக்கு இதே வீக்கம் வெறும் தொண்டைக் கரகரப்பு. போதாததற்குக் குழந்தையின் விலா எலும்புகள் மென்மையானவை. பலமாக இழுத்தால் நெஞ்சு விரிவதற்குப் பதில் உள்ளே குழிகிறது. உதரவிதானத் தசையும் சீக்கிரம் களைத்துவிடும். களைத்த குழந்தை முதலில் பாலை விடும், அடுத்து மூச்சை விட்டுவிட்டு எடுக்கும். சிறு குழந்தைக்கு நிலைமை படிப்படியாக மோசமாகும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். காலையில் இரைத்துக்கொண்டே பால் குடித்த குழந்தை மாலையில் துவண்டு கிடக்கலாம்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தனிக் கணக்கு. காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரும். உடல் சில்லென்று ஆவதும், அதாவது 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதும், காய்ச்சலுக்குச் சமமான அபாயக் குறிதான். இந்த வயதில் மூச்சு வேகமாக இருந்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ வீட்டு மருந்து பார்க்க நேரம் கிடையாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளும் 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களும் அடுத்த வரிசை. தாயின் உடலிலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தைக்குப் பெருமளவு போய்ச் சேருவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். 32 வாரத்தில் பிறந்த குழந்தை அந்தச் சீர்வரிசை கைக்கு வரும் முன்பே வெளியே வந்துவிட்டது என்று சொல்லலாம். அதோடு நுரையீரலின் காற்றறைகளும் முழுதாக முதிர்ந்திருக்காது. ‘இப்போது மூன்று கிலோ ஆகிவிட்டானே’ என்று பலரும் நிம்மதி அடைகிறார்கள். எடை தேறுவது நல்லதுதான். ஆனாலும் குறைந்தது முதல் ஒரு வருஷம் வரை இந்தக் குழந்தையை அபாயக் கணக்கில் வைத்திருப்பதே சரி. மருத்துவரிடம் போகும்போது ‘எட்டாம் மாதத்தில் பிறந்தது, பிறந்த எடை இவ்வளவு’ என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி அவர் முடிவை மாற்றும்.

தாய்ப்பால் விஷயத்தில் தமிழ்நாட்டின் கணக்கு வேதனை தருகிறது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 55 விழுக்காடுதான். மருத்துவமனை வாசல் வரை வந்த தாய்மாரில் பாதிப்பேருக்கு அடுத்த ஆறு மாதத்தில் நம்மால் துணை நிற்க முடியவில்லை. சர்க்கரைத் தண்ணீர், தேன், பாட்டில் பால், சளி வராது என்ற நம்பிக்கையில் சங்கில் ஊற்றும் கழுதைப்பால் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் படிந்து கிருமி ஒட்டாமல் தடுக்கின்றன. வேறு எதைக் கொடுத்தாலும் குடிக்கும் தாய்ப்பாலின் அளவு குறைகிறது, பாட்டிலோடு கிருமியும் சேர்ந்து போகிறது. குழந்தைக்குச் சளி பிடித்தால் பாலை நிறுத்தச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மூக்கடைப்பால் ஒரே மூச்சில் குடிக்க முடியாவிட்டால், பால் கொடுப்பதற்குச் சற்று முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு இரண்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம்.

இனி எடை. ஊட்டச்சத்துக் குறைவும் நிமோனியாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; பலர் ஏமாந்துபோகும் இடம் இது. மெலிந்த குழந்தைக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். வேகமாக மூச்சு வாங்கத் தசையில் வலு இல்லாததால் மூச்சு எண்ணிக்கைகூட அவ்வளவாக உயராது. இருமவும் தெம்பு இருக்காது. ஆக, நோய் கடுமையாக இருக்கும்போதே குழந்தை ‘அமைதியாக’ இருக்கும். அழாமல் படுத்திருக்கிறான், பரவாயில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் கைச்சுற்றளவு நாடா வைத்து அளப்பார்கள். இடது மேற்கையின் நடுவில் அளந்தால் 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது எச்சரிக்கை. 11.5க்குக் கீழே என்றால் தீவிர ஊட்டச்சத்துக் குறைவு. நாடாவில் சிவப்பு நிறம் அதைத்தான் காட்டுகிறது. இரண்டு பாதத்திலும் அமுக்கினால் குழி விழும் வீக்கம் இருந்தாலும் அதே அர்த்தம்; அப்படிப்பட்ட குழந்தை கொழுகொழுவென்று தெரிந்தாலும் ஏமாறக் கூடாது. சிவப்பு நாடாக் குழந்தைக்கு இருமலோடு பசியும் விட்டுப்போனால், மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். வெயில் படாமல் வளர்ந்து எலும்பு மென்மையான குழந்தைக்கும் நெஞ்சுக்கூடு வலுவற்றது. ரத்தசோகை உள்ள குழந்தைக்கு ஆக்சிஜன் சுமக்கும் சக்தி முன்பே குறைவு.

இதயக் குறையைப் பற்றி ஒரு விஷயம். ‘பிறந்தபோது டாக்டர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாரே’ என்று பெற்றோர் சொல்வது உண்மையாகவே இருக்கும். கீழறைகளுக்கு இடையே ஓட்டை இருந்தாலும் முதல் சில நாட்களில் நுரையீரல் பக்கத்து ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதால் அது வெளிப்படுவதில்லை. அந்த அழுத்தம் இறங்க இறங்க, ஓட்டை வழியே ரத்தம் நுரையீரலுக்குள் கூடுதலாகப் பாய்கிறது. நான்கு முதல் எட்டு வாரத்தில் அடையாளம் தெரியும்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, ஒரு நிமிடம் குடித்து நிறுத்தி இளைத்து மறுபடி குடிப்பது, எடை ஏறாமல் நிற்பது. ரத்தம் தேங்கிய நுரையீரலில் சாதாரண வைரஸ்கூடப் பெரிய சேதம் செய்யும். இந்த மூன்று அடையாளம் இருந்தால் சளி இல்லாவிட்டாலும் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்ப்பது நல்லது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் இதயக் குறை அதிகம் என்பதால் அவர்களுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம்.

தலைக்கு ஊற்றும் நாளன்று குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், சளியை எடுக்கிறேன் என்று மூக்கில் ஊதுவதும், மல்லாக்கப் படுக்க வைத்து வாயைத் திறந்து உரை மருந்தோ விளக்கெண்ணெயோ ஊற்றுவதும் நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் காரியங்கள். செய்பவர்கள் குழந்தைக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. ஆனால் விளைவு கொடியது. தண்ணீர் மூச்சுக்குழலில் போனால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். எண்ணெய் அந்த இருமலைத் தூண்டாமல் சத்தமில்லாமல் வழுக்கி நுரையீரலுக்குப் போய்விடுகிறது. அங்கேயே தங்கிப் புண்ணாக்குகிறது. இதைத் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் பல காலமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கிருமியால் வந்ததில்லை என்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்தும் தேறாது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். ‘எண்ணெய் உடம்புக்குத் தேய்க்கலாம் பாட்டி, மூக்கிலும் வாயிலும் மட்டும் வேண்டாம்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். மருத்துவமனையில் மறைக்காமல் சொல்வது முக்கியம். எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் எண்ணெயால் வந்ததா கிருமியால் வந்ததா என்பதை நீங்கள் சொன்னால்தான் மருத்துவரால் சீக்கிரம் பிரிக்க முடியும். சங்கிலோ பாலாடையிலோ பால் கொடுப்பவர்கள் குழந்தையின் தலையை உயர்த்தி, நன்றாக விழித்திருக்கும்போது, விளிம்பை உதட்டில் வைத்து அது தானாக உறிஞ்சும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். அழும் வாயில் ஊற்றக் கூடாது. மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள, விழுங்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு ஒவ்வொரு வேளை உணவுமே நிமோனியாவுக்கு வழி திறக்கும். அவர்களுக்குச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, உட்கார வைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

தடுப்பூசிகளில் நிமோனியாவோடு நேரடித் தொடர்புள்ளவை மூன்று. நிமோனியாவை வரவழைக்கும் ஹிப் என்ற கிருமிக்கு எதிரான பாகம், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் தொடங்கியது. 6, 10, 14 வாரங்களில் போடுவார்கள். நிமோகாக்கல் ஊசி, அதாவது பி.சி.வி., தனியாரிடம் ஆயிரக்கணக்கில் விற்ற ஒன்று. 2017ல் சில மாநிலங்களிலும் 2021ல் நாடு முழுவதும் அரசு அட்டவணைக்குள் வந்துவிட்டது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம். மூன்றாவது தட்டம்மை-ருபெல்லா ஊசி, 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. தட்டம்மையால் இறக்கும் குழந்தைகளில் மிகப் பலர் உண்மையில் அதன் பின்னால் வரும் நிமோனியாவால்தான் இறக்கிறார்கள். தட்டம்மை, உடம்பு முன்பு சேர்த்து வைத்த எதிர்ப்பு நினைவில் ஒரு பகுதியையும் அழித்துவிடுகிறது. இவற்றில் எளிதில் விட்டுப்போகக் கூடியது 9 மாத பி.சி.வி. ஊசி. 14 வார ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி விழுகிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் நகர்ந்திருக்கும், அட்டை சொந்த ஊரில் இருக்கும். அட்டை இல்லாவிட்டாலும் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி போடுவார்கள். இன்னொரு காரணம், ஊசி நாளன்று லேசாக மூக்கு ஒழுகியது என்று தள்ளிப்போடுவது. சாதாரணச் சளியும் லேசான இருமலும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே ஆகாது.

புகை பற்றி நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. விறகடுப்புப் புகை நிமோனியாவை வரவழைக்கும் என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. அடுப்பை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று பார்த்தபோதுதான் சிக்கல். குவாதமாலாவில் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2011ல் வந்தது. நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆக்சிஜன் குறைந்துபோகும் கடுமையான வகை மட்டும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பிறகு, இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப்பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து ‘ஹேபின்’ ஆய்வு நடந்தது. அதன் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில். புகையின் அளவு நன்றாகவே இறங்கியது. ஆனால் குழந்தைகளின் முதல் வயதில் கடுமையான நிமோனியா இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முடிவு 2024ல் வெளிவந்தது. புகையால் கெடுதல் இல்லை என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேஸ் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கேஸ் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று ஊசியையும் பாலையும் எடையையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அடுப்புப் புகையைத் தவிர வேறு புகைகளும் வீட்டுக்குள் உண்டு: குளிப்பாட்டியபின் குழந்தையின் தலைமாட்டில் காட்டும் சாம்பிராணி, கதவைச் சாத்திவிட்டு ஏற்றும் கொசுவத்திச் சுருள், அப்பாவின் சட்டையோடு வரும் பீடி வாசம். இவற்றை இன்றைக்கே நிறுத்தலாம், செலவும் இல்லை. கொசுவுக்கு வலை போதும்.

ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில் கிருமி குழந்தைக்கு வந்து சேருவது பள்ளிக்கூடம் போகும் அண்ணன் அக்காவிடமிருந்து. வீட்டைப் பெரிதாக்க முடியாது. இருமுகிற பிள்ளையைச் சின்னக் குழந்தையின் பக்கத்தில் படுக்க வைக்காமல் இருக்கலாம், தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு நிமோனியா வராமல் தடுக்க ஆறு வாரத்திலிருந்து கோட்ரைமாக்சசோல் மருந்து தொடங்குவார்கள். தொற்று இல்லை என்று உறுதியாகி மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை அதை விடக் கூடாது.

இப்போது மூச்சை எண்ணுவது. சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரிய, குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது தவறான விடை தரும். சின்னக் குழந்தைகள் சில விநாடி வேகமாகவும் சில விநாடி நிறுத்தியும் மூச்சு விடுவது இயல்பு. இரண்டு மாதம் வரை நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதிசெய்ய வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்று பாருங்கள். மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, மூச்சோடு தலை ஆடுவது எல்லாம் குழந்தை போராடுகிறது என்பதன் குறிகள். குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், அமைதியாக இருக்கும்போதே தொண்டையில் கரகரவென்று சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். நீலம் பாரிப்பதற்காகக் காத்திருக்காதீர்கள்; கடைசியில் வரும் குறி அது, ரத்தசோகைக் குழந்தையிடம் தெரியவே தெரியாமலும் போகும்.

இந்த எண்கள் எல்லாக் குழந்தைக்கும் பொது. வித்தியாசம் அடுத்த முடிவில். மூன்று வயதில், நல்ல எடையோடு, ஊசிகள் எல்லாம் போட்ட குழந்தைக்கு மூச்சு 42, சாப்பிடுகிறான், விளையாடுகிறான் என்றால் அன்றைக்கு மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக்கை வீட்டில் கொடுத்து, இரண்டு நாளில் மறுபடி காட்டினால் போதும். நான்கு மாதத்தில், குறைமாதத்தில் பிறந்து, பாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்கு மூச்சு 48 என்றால் எண்ணிக்கை வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குழந்தையை அன்றைக்கே காட்ட வேண்டும். இரவு தங்க வைத்துப் பார்க்கிறோம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்கக் கூடாது. அபாயக் காரணி இரண்டு மூன்று சேரும்போது ஆபத்து வேகமாக ஏறுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் இந்தக் கணக்கையே குழப்பிவிடும். அதில் உள்ள குளோர்பெனிரமின் தூக்கம் தரும். குழந்தை துவண்டிருப்பது மருந்தாலா நோயாலா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே லேபிளில் போடச் சொல்லிவிட்டது. போன தடவை மீதியான ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். தண்ணீர் கலந்த சிரப் சில நாளில் வீரியம் இழந்துவிடும். அளவோ முன்பிருந்த எடைக்கானது. பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குழந்தையின் விரலில் நிற்காது, தப்பான எண் காட்டும். ஆஸ்பத்திரியில் குழந்தைக்கான சிறிய பட்டையைக் கால் கட்டைவிரலிலோ பாதத்திலோ மாட்டி, திரையில் அலை சீரான பிறகே எண்ணைப் படிப்பார்கள். 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் உடனே வேண்டும்.

கொண்டுபோகும் வழியில் குழந்தையை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தையானால் தோலோடு தோல் சேர்த்துப் போர்த்திக்கொள்வது இன்னும் நல்லது. விழிப்பாக இருந்து தானாகக் குடித்தால் தாய்ப்பால் கொடுக்கலாம். மூச்சிரைக்கும் வாயில் ஸ்பூனால் எதையும் ஊற்றக் கூடாது. தடுப்பூசி அட்டையையும், அதுவரை கொடுத்த மருந்துப் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள். வீடு திரும்பிய பிறகு இரண்டு வாரமாவது தினமும் ஒரு வேளை கூடுதலாக உணவு கொடுத்து இழந்த எடையை மீட்க வேண்டும். தேறாத எடையோடு அடுத்த சளியைச் சந்தித்தால் மறுபடி அதே படுக்கைதான். விட்டுப்போன ஊசிகளை அந்தச் சமயத்திலேயே முடித்துவிடலாம்.

ஒரே வருஷத்தில் இரண்டாவது முறை நிமோனியா என்றால் மருந்தோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்: இதயம், விழுங்குவதில் கோளாறு, வீட்டில் யாருக்காவது காசநோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு. இரண்டு முறையும் நுரையீரலின் ஒரே இடத்தில் வந்திருந்தால், குழந்தை எப்போதாவது வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ வாயில் வைத்திருந்தபோது திடீரென்று புரையேறி இருமியதா என்று வீட்டில் எல்லோரிடமும் விசாரித்து அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிக்கிய பொருளை எக்ஸ்ரே பல சமயம் காட்டாது. மூச்சுக்குழலுக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் இழுத்த இருமல் நின்றுபோகும்.